ஆறாவது ஆள் ஜெர்மன் மச்சான்

போன ஆடி மாதம், தொண்டிக்குத் தெற்கே எங்கள் கடற்கரையில் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது "அந்தப் பந்தயத்தைச் சொல்லு" என்றால் போதும், ரீசார்ஜ் பண்ண வந்து நிற்கிற ஆளைக்கூட அப்படியே நிறுத்திவைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். என் மனைவி "ஆரம்பிச்சாச்சா?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அந்தப் படகில் இருந்தவன் நான்தானே, அவள் இல்லையே!

எங்கள் ஊரில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். சுற்றுலா வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் எங்களோடு குடியிருந்தவர். அவர் மனைவி இலங்கைத் தமிழ். சண்டைக் காலத்தில் அந்த அக்கா சின்ன வயதிலேயே ஜெர்மனிக்குப் போய்விட்டார். அவருடைய அம்மா படகேறி மண்டபம் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு வயதாகி, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றானதும், அக்கா புருஷனையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, எங்கள் ஊரில் வீடு பிடித்து அம்மாவை வைத்துக்கொண்டார். ஆறு மாதம் இருப்போம் என்றுதான் வந்தார்கள். அம்மா காலமான பிறகும் அவர்கள் போகவில்லை. அதற்குக் காரணம் அந்த மனுஷன். இந்தக் கரையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு பந்தயம் நடக்கிறது, இதை விட்டுவிட்டு நான் எங்கே வருவது என்று உட்கார்ந்துவிட்டார்.

ஊரே அந்த அக்காவை அக்கா என்று கூப்பிட்டது. அக்காவைக் கட்டியவர் மச்சான்தானே? அப்படித்தான் ஆறடிக்கு மேல் வளர்ந்த, வெயில் பட்டால் இறால் நிறத்துக்கு மாறிவிடுகிற அந்த வெள்ளைக்காரர் எங்களுக்கு ஜெர்மன் மச்சான் ஆனார்.

அவர் தமிழ் பேசுவதைக் கேட்க வேண்டுமே! அக்காவிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் அச்சு அசல் யாழ்ப்பாணத் தமிழ். நமக்குச் "சீக்கிரம்" என்றால் அவருக்குக் "கெதியா", நமக்கு "அப்புறம்" என்றால் அவருக்குப் "பேந்து". "ஓம்", "கெதியா வாங்கோ", "பேந்து பாப்பம்" என்று அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, ராமநாதபுரத்திலிருந்து வந்த கொரியர் பையன் ஒருவன் பார்சலைக் கீழே போட்டுவிட்டான். அவர்கள் காதல் கதையும் விளையாட்டில்தான் ஆரம்பம். அக்கா பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து, அதாவது நெட்பால், ஆடியவர். ஜெர்மனியில் வலைப்பந்து எங்கே ஆடுகிறார்கள் என்று தேடிக்கொண்டு ஒரு கிளப்புக்குள் போயிருக்கிறார். அங்கே இருந்த இவர், அது இங்கே இல்லை, ஹேண்ட்பால்தான் இருக்கிறது, வந்து ஆடு என்று பந்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அக்கா பிடித்துத் திருப்பி எறிந்ததில் இவர் மூக்கு உடைந்துவிட்டதாம். அதோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று இரண்டு பேரும் சொல்லிச் சிரிப்பார்கள்.

விளையாட்டுப் பைத்தியம் என்று சும்மா சொல்வோமே, நான் அவரிடம்தான் அதை நேரில் பார்த்தேன். சாயல்குடியில் கபடி என்றால் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார். கீழக்கரையில் கால்பந்து என்றால் மதியச் சாப்பாடு வேண்டாம். திருப்புல்லாணிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மண்டபத்துக்குப் பின்னால் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் பட்டு வேட்டியோடு அம்பயராகப் போய் நின்றுகொண்டார். தாலி கட்டுவதைப் பார்க்கவே இல்லை. எங்கள் ஊர்க் கபடியில் ஒரு தடவை, அறுபது வயதுக்கு மேல், நானும் பாடிப் போகிறேன் என்று அடம்பிடித்து இறங்கினார். "கபடி கபடி" என்று விடாமல் சொல்ல நாக்கு புரளவில்லை. அதனால் ஜெர்மன் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனார். எதிரணிக்காரர்கள் சிரித்துச் சிரித்துப் பிடிக்க முடியாமல் நின்றதில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்துவிட்டார்!

ஆனால் தோற்றால் மட்டும் மனுஷனுக்குத் தாங்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், அக்காவோடுகூடப் பேச்சு இருக்காது. மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னாலேயே வந்து நின்று, நேற்று எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு விளக்குவார். எனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் காலையில் முதலில் திறக்கிற கடை என் மொபைல் கடை. அவ்வளவுதான் காரணம்.

எல்லா விளையாட்டுக்கும் மேலே அவர் உயிரையே வைத்திருந்தது வத்தைப் பந்தயத்தில். வத்தை என்பது எங்கள் பக்கத்துப் பாய்மரப் படகு. காற்று ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது எதிர்ப்பக்கத்தில் நீளப் பலகை ஒன்றைக் கடலுக்கு மேலே நீட்டி, அதில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து படகை நிமிர்த்திப் பிடிப்பார்கள். ஆள் பாரம் போதாது என்றால் மணல் மூட்டையும் ஏற்றுவார்கள். பக்கத்து ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் இந்தப் பந்தயம் நடக்கும். எங்கள் படகில் சுக்கான் பிடிப்பது என் அண்ணன். பலகையின் நுனியில் உட்காருவது ஜெர்மன் மச்சான். அவர் உயரத்துக்கும் எடைக்கும் அந்த இடம் அளவெடுத்துச் செய்த மாதிரி. நான் ஒல்லி, பாரத்துக்கு உதவாதவன். அதனால் படகுக்குள் ஏறும் தண்ணீரை வாளியால் இறைத்து ஊற்றுகிற வேலை எனக்கு. "வாளி மந்திரி" என்று மச்சான்தான் எனக்குப் பெயர் வைத்தார். ஊரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், போகட்டும்.

இவ்வளவு வருடத்தில் எங்கள் படகு ஒரு தடவைகூட முதல் பரிசு வாங்கியதில்லை. மூன்றாவது வருவோம், இரண்டாவது வருவோம், முதல் பரிசு பக்கத்து ஊர்ப் படகுக்குத்தான். அந்தப் படகின் சுக்கான்காரர் பெரிய மீசைக்காரர், கடலில் காற்றை மோப்பம் பிடிக்கிற ஆள். மச்சானுக்கும் அவருக்கும் வருடா வருடம் சண்டை. ஒரு தடவை பாதிக் கடலில் காற்று செத்துவிட்டது. படகு கனக்கிறதே என்று மச்சான் யாரிடமும் சொல்லாமல் தொபுக்கடீர் என்று கடலில் குதித்துவிட்டார்! நீந்தியே கரைக்கு வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பாரம் குறைந்ததில் நாங்கள் இரண்டாவதாக வந்தோம். ஆனால் ஆறு பேர் ஏறிப் போன படகு ஆறு பேரோடுதான் கரைக்கு வர வேண்டும் என்பது பந்தய விதி. மீசைக்காரர் அதைச் சுட்டிக்காட்டிப் புகார் சொன்னார், எங்கள் பரிசு போய்விட்டது. மச்சான் நீந்தி வந்து சேர்ந்து, விஷயத்தைக் கேட்டு, மீசைக்காரரிடம் நேராகப் போனார். அடிதடி ஆகப்போகிறது என்று நாங்கள் பின்னாலேயே ஓடினோம். இவர் என்னவென்றால் கையைக் குலுக்கி, "விதி எண்டா விதிதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் போன பங்குனியில் மாரடைப்பில் போய்விட்டார். காலையில் என் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார், மத்தியானம் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. நான் கடையை மூடிவிட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அஸ்தியைத் தேவிபட்டினம் கடலில் கரைத்தோம். ஜெர்மனியில் இருக்கும் மகள் வந்திருந்தாள். அம்மாவைத் தனியாக விட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்காவும் சரி என்றார். ஆடி முடிந்ததும் புறப்படுவதாக டிக்கெட் போட்டாயிற்று.

அதைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்கு ஒரே வெறி. அக்கா ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் அந்த முதல் பரிசுக் கோப்பையை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மச்சான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அடுத்த வருடம் வாங்கி யாரிடம் கொடுப்பது? எங்களுக்கு இருந்தது இந்த ஒரே பந்தயம்.

பலகை நுனிக்கு ஆள் வேண்டுமே? வருகிறேன், வருகிறேன் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். அண்ணன் ஒருத்தரையும் ஏற்றவில்லை. "அவரு எடத்துல எவனையும் ஏத்த மாட்டேன்" என்று ஒரே பிடி. விழாக் கமிட்டியிடம் போய், நாங்கள் ஐந்து பேர்தான் போவோம், ஆறாவது இடத்தில் அவர் எடைக்கு ஒரு மணல் மூட்டை வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார். கமிட்டித் தலைவரும் மச்சானோடு பழகியவர்தான். கண் கலங்கிப்போய், "மூட்டைன்னு ஏன்யா சொல்ற? ஆறாவது ஆளு அவருதான். அப்படியே எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் எங்களுக்கெல்லாம் புல்லரித்துவிட்டது. அதில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று ஒரு ஆளுக்காவது தோன்ற வேண்டுமே!

பந்தயத்தன்று காலையில் உரச்சாக்கில் மணலை நிரப்பினோம். மச்சான் எடை எவ்வளவு என்பதில் தகராறு. அவர் எப்போதும் எழுபத்தைந்து என்றுதான் சொல்வார். அக்கா வந்து தீர்த்து வைத்தார். "எண்பதுக்கு மேல. வெளியில பொய் சொல்லித் திரிஞ்சவர்" என்றார். மீன் எடை போடும் தராசில் வைத்து நிறுத்தோம். அக்கா வீட்டிலிருந்து அவருடைய பச்சை ஜெர்ஸியைக் கொண்டுவந்து அந்த மூட்டைக்கு மாட்டிவிட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், தொப்பை இருந்த இடத்தில்கூடச் சரியாகப் பொருந்தியது.

கரையில் அப்படி ஒரு கூட்டம். ஐஸ் வண்டி, கொட்டு, மைக் செட், பந்தலுக்கு அடியில் வெளியூர் விருந்தாளிகள். ஒவ்வொரு படகாக மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். எங்கள் படகு வந்ததும், ஐந்து பேரைப் பற்றியும் சொல்லிவிட்டு, "ஆறாவது ஆளாக நம் அன்பு ஜெர்மன் மச்சான்!" என்றதும் கரையே விசில் அடித்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் வாளியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வெடி போட்டார்கள். இருபதுக்கு மேற்பட்ட பாய்கள் ஒரே நேரத்தில் விரிந்தன. அடேயப்பா, அந்தச் சத்தம் இருக்கிறதே! தெற்கேயிருந்து சோழகக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கடலுக்குள் தூரத்தில் சிவப்புக் கொடியோடு ஒரு லாஞ்சி, பெரிய விசைப்படகு, நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, கரையில் நட்டிருக்கும் கொடியை யார் முதலில் பிடுங்குகிறார்களோ அவர்களுக்குத்தான் பரிசு. மச்சான் மூட்டையைப் பலகையில் ஏற்றிக் கட்டி, பக்கத்தில் இரண்டு பேர் உட்கார, படகு பறந்தது. நான் இறைக்கிறேன், இறைக்கிறேன், கை ஓயவில்லை. லாஞ்சியைச் சுற்றும்போது மீசைக்காரர் முதல், நாங்கள் இரண்டாவது. கை நீட்டினால் அவர் படகைத் தொட்டுவிடலாம். அண்ணன் வாயெல்லாம் பல்.

திரும்பிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம், காற்று நின்றுவிட்டது.

குறையவில்லை, அடியோடு நின்றேவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. இப்படி ஆனால் முதலில் என்ன செய்வார்கள்? மணல் மூட்டைகளைக் கடலில் தள்ளுவார்கள். பாரம் குறைந்தால் படகு லேசாகி, இருக்கிற கொஞ்ச நஞ்சக் காற்றிலும் நகரும். மீசைக்காரர் படகிலிருந்து ஒவ்வொரு மூட்டையாகத் தண்ணீரில் விழுந்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் தள்ளினார்கள். நாங்களும் எங்கள் சாதா மூட்டைகளைத் தள்ளினோம். மிச்சம் இருந்தது ஒன்று. பச்சை ஜெர்ஸி போட்ட மூட்டை.

பலகையிலிருந்து அதை இறக்கிப் படகுக்குள் என் காலடியில் போட்டிருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்தோம். வாயைத் திறந்தது பாய்க்கயிறு பிடிக்கிற எங்கள் சித்தப்பா மகன்.

"ஏலே, அதையுந் தள்ளுலே. எல்லாப் பயலும் தாண்டிப் போறான் பாரு."

அவன் சொன்னது உண்மைதான். ஒரு படகு எங்களைத் தாண்டிவிட்டது, இன்னொன்று தாண்டிக்கொண்டிருந்தது. நான் என்ன நினைத்தேனோ, அந்த மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"இது மூட்டை இல்ல, ஆளு. தள்ளுனா ஆளைத் தள்ளுன மாதிரி. ஆறு பேரு போயி அஞ்சு பேரு வந்தா பரிசு கெடையாது, மறந்துட்டியா?"

"மணலுலே அது! மணலு!"

"மைக்குல என்ன சொன்னாங்க? விசில் அடிச்சியே, அப்ப மணலுன்னு தெரியலையா?"

அப்புறம் என்ன, நடுக்கடலில் ஐந்து பெரிய மனுஷர்கள், மணல் மூட்டை ஆளா, ஆள் இல்லையா என்று கத்திக் கத்திச் சண்டை போட்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பே வரவில்லை. தள்ளினால் விதிப்படி பரிசு போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். தள்ளாவிட்டால் தோற்பது நிச்சயம். விதியையெல்லாம் தூக்கி ஒரு ஓரமாக வைத்தாலும், உண்மையைச் சொல்கிறேன், என்னால் அவரைத் தள்ள முடியாது. எனக்குக் கீழே அந்த ஜெர்ஸி வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது உடம்பு ஜில்லென்று இருந்தது ஞாபகம் வந்து, எனக்கு அழுகை முட்டியது.

கடைசியில் எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். சுக்கான் அவர் கையில், முடிவும் அவருடையது. அண்ணன் முன்னால் போகிற படகுகளைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கெடக்கட்டும்லே. தோத்தாலும் ஆறு பேராவே தோப்போம். நீ தண்ணிய எற."

சித்தப்பா மகன் கயிற்றை விசிறியடித்தான். ஊர் மானமே என்னால் போய்விட்டதாகச் சொன்னான். வேறு என்னென்னவோ சொன்னான், அதையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது. நாங்கள் ஐந்தாவது இடத்துக்கு வந்துவிட்டோம். மீசைக்காரர் படகு முன்னால் சின்னதாகத் தெரிந்தது. அக்காவிடம் போய் எந்த முகத்தோடு நிற்பது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது தெற்கே தண்ணீரின் நிறம் கறுத்தது. அண்ணன்தான் முதலில் பார்த்தார். "வருதுலே! வருது! மூட்டையப் பலகைல ஏத்து! கட்டு, கட்டு!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் துள்ளி எழுந்தேன். காற்று என்றால் அப்படி ஒரு காற்று, நின்று போனதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு வந்தது. நானும் சித்தப்பா மகனும் மூட்டையைத் தூக்கிப் பலகை நுனிக்குத் தள்ளி, கயிற்றைச் சுற்றி இறுக்கினோம். சற்று முன்னால் என்னைத் திட்டியவன், "மச்சான், விடாத! பிடிச்சுக்க!" என்று மூட்டையிடம் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டான். சத்தியமாக, என் காதால் கேட்டேன்!

பாய் புடைத்தது. படகு சாய்ந்தது, சாய்ந்தது, இதோ கவிழ்ந்தது என்று நான் கண்ணை மூடினேன். கவிழவில்லை. பலகையில் மூட்டையும் அதற்குப் பக்கத்தில் இரண்டு பேரும் இருந்த பாரம் படகை இழுத்து நிமிர்த்தியது. முன்னால் போனவர்களின் பாடுதான் பரிதாபம். மூட்டைகளையெல்லாம் கடலில் தள்ளிவிட்டார்களே, காற்றைத் தாங்குவதற்குப் பாரம் எங்கே? ஒரு படகு அப்படியே குப்புற விழுந்தது. ஆட்கள் நீந்தி அதன் முதுகில் ஏறிக்கொண்டார்கள், யாருக்கும் அடி இல்லை. மற்ற படகுகள் கவிழாமல் இருப்பதற்காகப் பாயைத் தளர்த்திக்கொண்டு காற்றை வீணாக்கின. நாங்கள் மட்டும் பாயை முழுசாக விரித்தபடி வந்தோம். ஒரு படகைத் தாண்டினோம். இன்னொன்று. அண்ணன், "கெதியா! கெதியா!" என்று கத்துகிறார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. அது மச்சான் கத்துகிற வார்த்தை. அவர் தெரிந்து கத்தினாரா, தெரியாமல் கத்தினாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை. நாங்களும் சேர்ந்து கத்தினோம்.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் மீசைக்காரர் படகைப் பிடித்துவிட்டோம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். கரையில் கொட்டுச் சத்தமும் கூச்சலும் கலந்து காது அடைத்தது. கொடியைப் பிடுங்க ஓட வேண்டியது என் வேலை. வாளியைத் தூக்கி எறிந்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் குதித்தேன். எதிர்ப் படகிலிருந்தும் ஒருவன் குதித்தான், நல்ல வாட்டசாட்டமான பையன். மணலில் ஒரு தடவை தடுக்கி விழுந்தேன். முழங்காலில் தோல் போனது அப்புறம்தான் தெரிந்தது. கை கொடிக் கம்பில் பட்டதும் பிடுங்கிக்கொண்டு அப்படியே மல்லாக்க விழுந்துவிட்டேன். அவன் என் மேலேயே வந்து விழுந்தான். கொடி என் கையில்!

எங்கள் ஊர்க்காரர்கள் ஓடிவந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்து ஆடினார்கள். வாழ்க்கையில் ஒரு வேலையிலும் முதலாவதாக வராதவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

அந்த ஆட்டம் முடிவதற்குள் தகராறு ஆரம்பித்துவிட்டது. பக்கத்து ஊர்க் கூட்டம் கமிட்டிப் பந்தலைச் சுற்றி நின்றுகொண்டது. "எண்ணிப் பாருங்கய்யா, அந்தப் படகுல அஞ்சு பேருதான் இருக்கான். ஆறு பேரு இல்லாம எப்படி முதப் பரிசு குடுப்பீங்க?" என்று ஒருவர் கேட்டார். "ஆசைக்கு ஒரு வார்த்த மைக்குல சொன்னா அது ஆளாயிருமா?" என்று இன்னொருவர். காலையில் கண் கலங்கிய தலைவர், இப்போது வேர்த்துப்போய் நின்றார். விளையாட்டுக்குச் சொன்னதாகவும் சொல்ல முடியவில்லை, விதிப்படி சரி என்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அக்கா கூட்டத்துக்கு ஓரமாக, யாரும் சண்டை போடாதேங்கோ என்று கையைக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பரிசு போனாலும் போகட்டும், அவர் முன்னால் இது வேறு ரகளையாகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் கூட்டத்தில் சத்தம் குறைவதைக் கவனித்தேன். எல்லோரும் கடல் பக்கம் திரும்பியிருந்தார்கள். மீசைக்காரர் தம் படகை விட்டு இறங்கி, எங்கள் படகை நோக்கித் தண்ணீருக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார். எங்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று, மூட்டையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். தண்ணீர் ஊறிய மணல், காலையில் நிறுத்ததைவிட எவ்வளவோ கனத்திருக்கும். அண்ணன் கை கொடுக்கப் போனார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மூட்டையை நிமிர்த்தி, குனிந்து தம் தோளில் வாங்கிக்கொண்டார். இரண்டு தடவை அலையில் கால் மடங்கியது. முட்டி போட்டு எழுந்தார். கீழே போடவில்லை. காயம்பட்ட ஆளைத் தூக்கி வருவதைப் போல, ஒரு கையால் அந்தப் பச்சை ஜெர்ஸியை முதுகோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கரையேறி வந்தார்.

நேராக எங்களிடம் வந்து, நாங்கள் ஐந்து பேரும் நின்ற வரிசைக்கு நடுவில் மூட்டையை மெதுவாக இறக்கி நிறுத்தினார். அது சாய்ந்துவிடாமல் என் காலோடு முட்டுக் கொடுத்தார். மூச்சு வாங்கியது. பிறகு எங்களை ஒவ்வொருவராகத் தொட்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." கடைசியாக ஜெர்ஸியில் கை வைத்தார்.

"ஆறு. போன ஆளு அத்தன பேரும் கரைக்கு வந்தாச்சு. பரிசக் குடுங்க."

அவருடைய ஊர்க்காரர்களே பின்னால் நகர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு யாரோ கொட்டு அடிக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், கரையே இரண்டு ஊர் என்றில்லாமல் ஆடியது.

கோப்பையை அண்ணன் வாங்கி அக்கா கையில் கொடுத்தார். அக்கா ஒரு கையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, மூட்டைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். நனைந்த ஜெர்ஸியில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டுக்கொண்டே, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல், "நல்ல காலம் வெண்டியள். தோத்திருந்தா இந்த மனுசன் ஒரு கிழமைக்கு என்னோட கதைச்சிருக்காது" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். மீசைக்காரர் முகத்தைத் துடைப்பது போலத் துண்டை முகத்தில் வைத்தவர், வெகு நேரம் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா மதுரையில் விமானம் ஏறினார். கோப்பையைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனதாக, கொண்டுபோய் விட்டு வந்த அண்ணன் சொன்னார். எனக்கு இந்த ஊரில்தான் பிறப்பு, இதே கடற்கரையில்தான் நாற்பது வருடமாகக் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நான் போன பிறகு, என்னிடம் தோற்ற ஒருத்தன் தண்ணீருக்குள் இறங்கி, என்னையும் ஒரு ஆளாக எண்ணிக் கரைக்குத் தூக்கி வருவானா என்று கடையில் ஆள் இல்லாத நேரங்களில் யோசிக்கிறேன், அப்படி வருகிற அளவுக்கு இனிமேலாவது வாழ்ந்துவிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.